கணிப்பது வேறு, செய்வது வேறு: சிறு ஸ்கிரிப்டுகள் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நிரலாக்கம் கற்கத் தொடங்கியவர்களிடம் அடிக்கடி ஒரு முரணைப் பார்க்கிறேன். பாடப் பயிற்சிகளில் வரும் சிக்கலான கணக்குகளை எல்லாம் முடித்துவிடுவார்கள். ஆனால் தங்கள் கணினியில் உள்ள முந்நூறு கோப்புகளுக்குப் பெயர் மாற்ற வேண்டி வந்தால், சுட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். கற்ற கலையை அன்றாட வேலைக்குத் திருப்பிவிடும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதும், அதை உண்டாக்கும்போது கோப்புகளை இழக்காமல் இருப்பதுமே இந்தக் கட்டுரையின் நோக்கம். இதை எழுதும் நான் ஒருமுறை இழந்திருக்கிறேன்; அதைப் பின்னர் சொல்கிறேன்.

எப்போது எழுதலாம், எந்த மொழியில் எழுதலாம்

ஒரு வேலையை முதல் முறை கையால் செய்யுங்கள். இரண்டாவது முறையும் கையாலேயே செய்து, செய்த படிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை அதே வேலை வந்தால், அதைத் தானாகச் செய்யும் சிறு நிரலை, அதாவது ஸ்கிரிப்டை, எழுதுங்கள். முதல் முறையே எழுத உட்கார்ந்தால் வேலையின் நெளிவுசுளிவுகள் தெரியாமல் எழுதுவீர்கள். பத்தாவது முறை வரை காத்திருந்தால் சலிப்பில் ஏதாவது ஒன்றைத் தவறாகச் செய்திருப்பீர்கள்.

மொழியைப் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவது மட்டுமே வேலை என்றால், முனையத்தில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கான ஸ்கிரிப்ட் போதும். 1989இல் வெளிவந்த பாஷ் என்ற ஷெல் இன்றும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் கையருகே இருக்கிறது. பட்டியல், கணக்கு, தேதி, உரையை வெட்டி ஒட்டுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் பைத்தானுக்கு மாறிவிடுங்கள். ஷெல் ஸ்கிரிப்ட் ஒரு திரையின் உயரத்தைத் தாண்டினாலே அதைப் பைத்தானில் திருப்பி எழுதுவது என் வழக்கம். இனி வரும் எடுத்துக்காட்டுகளில் பைத்தானையே மனத்தில் வைத்திருக்கிறேன் என்றாலும், சொல்லப்படும் முறை வேறு எந்த மொழிக்கும் பொருந்தும்.

முதற்படி: ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்தல்

எடுத்துக்காட்டாக ஒரே வேலையை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். ஒரு கோப்புறையில் கேமராவிலிருந்து இறக்கிய படங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எடுக்கப்பட்ட தேதியும் நேரமும் கொண்ட பெயர்களை வைக்க வேண்டும். விசைப்பலகையைத் தொடும் முன், எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்: "ஒரு கோப்புறையின் பாதையைக் கொடுத்தால், அதிலுள்ள ஒவ்வொரு படத்தின் பெயரும் அது எடுக்கப்பட்ட நேரமாக மாற வேண்டும்."

இந்த வாக்கியத்தை எழுதியவுடனே கேள்விகள் முளைக்கும். எடுக்கப்பட்ட நேரம் எங்கிருந்து கிடைக்கும்? கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை இயங்குதளம் சொல்லும். ஆனால் படத்தைத் திருத்திச் சேமித்தாலோ, சில வகைகளில் நகலெடுத்தாலோ அந்த நேரம் மாறிவிடும். நம்பத்தக்கது படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவல்தான். அதில் தேதி "2023:08:12 06:41:05" என்ற வடிவில், தேதிக்குள்ளும் முக்காற்புள்ளியோடு இருக்கும். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக்கூடாது என்பதால் அதை அப்படியே பெயராக வைக்கவும் முடியாது. எக்ஸிஃப் தகவலே இல்லாத படங்கள், மற்றவர்கள் அனுப்பிய படங்கள், திரைப்பிடிப்புகள் ஆகியவையும் அதே கோப்புறையில் கிடக்கும். அவற்றை என்ன செய்வது? தொடாமல் விட்டுவிட்டு, விட்டதை அறிவிப்பது என்று முடிவு செய்து அதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேதியின் வடிவத்தைப் பற்றி ஒரு சொல். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், மாதத்தையும் நாளையும் எப்போதும் இரண்டு இலக்கமாக எழுதினால், பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் 1988 முதல் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. 05-03 என்பது மார்ச் ஐந்தா, மே மூன்றா என்ற குழப்பமும் இதில் இல்லை.

இரண்டாம் படி: கணிப்பதையும் செய்வதையும் பிரித்தல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எல்லோரும் எழுதுவது ஒரே சுழற்சிதான்: ஒரு கோப்பை எடு, தேதியைப் படி, புதுப் பெயரை உருவாக்கு, பெயரை மாற்று, அடுத்த கோப்புக்குப் போ. பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும், ஓடவும் செய்யும். அதன் கோளாறு என்னவென்றால், நூறாவது கோப்பில் ஏதோ தவறு என்று தெரியவரும்போது தொண்ணூற்றொன்பது கோப்புகள் ஏற்கெனவே மாறிவிட்டிருக்கும்.

என் முதல் பெயர்மாற்று ஸ்கிரிப்ட் இப்படித்தான் இருந்தது. நொடிவரை நேரத்தைப் பெயராக வைத்தேன். ஒரே நொடியில் இரண்டு படம் எடுப்பது அரிது என்று நினைத்தேன். கேமராவில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தொடர்ச்சியாகப் பல படங்களை எடுக்கும் வசதி இருப்பதும், நான் அதைப் பயன்படுத்தியிருந்ததும் அப்போது நினைவுக்கு வரவில்லை. லினக்ஸில் பைத்தானின் பெயர்மாற்றுச் செயற்கூறு (ஃபங்ஷன்), புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் சத்தமில்லாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். விண்டோஸில் அதே செயற்கூறு பிழை சொல்லி நின்றுவிடும். நான் இருந்தது லினக்ஸில். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை; ஸ்கிரிப்ட் ஒரு நொடியில் முடிந்தது; கோப்புறையைத் திறந்து எண்ணியபோதுதான் படங்கள் குறைந்திருப்பது தெரிந்தது. கேமராவின் அட்டையை அதற்குள் துடைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் மூன்று துண்டாக எழுதுகிறேன். முதல் துண்டு, வட்டைத் தொடாத சிறு செயற்கூறு. எடுக்கப்பட்ட நேரம், வரிசை எண், கோப்பின் பின்னொட்டு ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டு புதுப் பெயரைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை. அதற்குக் கோப்புறை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதே உள்ளீட்டை எத்தனை முறை கொடுத்தாலும் அதே விடை வரும் என்பதால் அதைச் சோதிப்பதும் எளிது.

இரண்டாம் துண்டு, திட்டம் போடும் செயற்கூறு. கோப்புறையைப் படித்து, எந்தப் பழைய பெயர் எந்தப் புதுப் பெயராக மாற வேண்டும் என்ற பட்டியலை மட்டும் இது உருவாக்கும். பட்டியல் கையில் முழுதாக இருப்பதால், ஒன்றையும் மாற்றும் முன்பே அதைத் துருவிப் பார்க்கலாம். ஒரே புதுப் பெயர் இரண்டு முறை வருகிறதா? புதுப் பெயரில் ஏற்கெனவே வேறு கோப்பு இருக்கிறதா? பெயர் வெறுமையாக இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஒரு கோப்பைக்கூடத் தொடாமல் நின்றுவிட வேண்டும்.

மூன்றாம் துண்டு, பட்டியலை நிறைவேற்றும் செயற்கூறு. இதில் சிந்தனையே இருக்கக்கூடாது. பட்டியலில் உள்ளதைச் செய்வது, செய்ததை ஒரு பதிவுக் கோப்பில் எழுதுவது, அவ்வளவுதான். பழைய பெயரையும் புதுப் பெயரையும் ஒரே வரியில், நடுவில் ஒரு தத்தல் (டேப்) குறியோடு எழுதிவைத்தால், நாளைக்கு மனம் மாறினால் அந்தப் பதிவையே தலைகீழாகப் படித்துப் பழைய நிலைக்குத் திரும்பும் இன்னொரு ஸ்கிரிப்டைப் பத்து வரியில் எழுதிவிடலாம்.

ஸ்கிரிப்டை வெறுமனே ஓட்டினால் முதல் இரண்டு துண்டுகள் மட்டும் ஓடி, திட்டத்தைத் திரையில் காட்டிவிட்டு நிற்கட்டும். கட்டளை வரியில் "செய்" என்ற கூடுதல் சொல்லைத் தட்டினால் மட்டுமே மூன்றாம் துண்டு ஓட வேண்டும். ஒத்திகை இயல்பாகவும், உண்மையான மாற்றம் கேட்டுப் பெறுவதாகவும் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. பல கருவிகள் இதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. திரையில் வரும் திட்டம் இப்படி இருக்கும்:

படம்0417.ஜேபிஜி → 2023-08-12_064105_01.ஜேபிஜி
படம்0418.ஜேபிஜி → 2023-08-12_064105_02.ஜேபிஜி
படம்0419.ஜேபிஜி → 2023-08-12_064107_01.ஜேபிஜி
திரை3.பிஎன்ஜி: எடுத்த நேரம் இல்லை, விடப்பட்டது

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள்: ஒரே நொடி, வேறு வரிசை எண். கடைசி வரி, விட்டதை மறைக்காமல் சொல்கிறது. இதோடு, ஏற்கெனவே இந்த வடிவில் பெயருள்ள கோப்புகளைத் திட்டத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டால், ஸ்கிரிப்டை இரண்டாம் முறை தவறுதலாக ஓட்டினாலும் ஒன்றும் கெடாது. புதிதாக வந்த படங்களுக்கு வரிசை எண் தரும்போது மட்டும் ஏற்கெனவே எடுக்கப்பட்ட எண்களைத் தாண்டிப் போக வேண்டும்.

மூன்றாம் படி: விளிம்பில் சோதித்தல்

சிறு செயற்கூறுகளுக்குச் சோதனை எதற்கு என்று கேட்பார்கள். பத்து வரிச் செயற்கூறில் பிழை எப்படி ஒளிந்திருக்கும் என்பதைக் காட்ட, கோப்பின் அளவை மனிதர் படிக்கும்படி மாற்றும் செயற்கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பைட்டுகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால் "3.4 எம்பி" என்பது போலத் திருப்பித் தர வேண்டும். எண் 1024க்குக் கீழே வரும் வரை 1024ஆல் வகுத்துக்கொண்டே போய், எத்தனை முறை வகுத்தோமோ அதற்கேற்ற அலகைச் சேர்த்து, ஒரு தசம இடத்துக்குச் சுருக்கித் தருவதே எல்லோரும் எழுதும் விடை.

500 கொடுங்கள், சரியாக வரும். 2048 கொடுங்கள், "2.0 கேபி" என்று வரும். இனி 1048575 கொடுங்கள். ஒருமுறை வகுத்தால் 1023.999 சொச்சம் வரும், அது 1024க்குக் கீழே இருப்பதால் சுழற்சி நின்றுவிடும், ஒரு தசமத்துக்குச் சுருக்கும்போது "1024.0 கேபி" என்று அச்சாகும். ஒரு பைட் கூட இருந்திருந்தால் "1.0 எம்பி" என்று வந்திருக்கும். சுருக்கிய பிறகு ஒப்பிட வேண்டியதை, சுருக்கும் முன் ஒப்பிட்டதே பிழை. இத்தகைய பிழைகள் நடுவில் கிடைக்கும் எண்களில் தென்படாது. எல்லைக்கு ஒன்று குறைவு, எல்லை, எல்லைக்கு ஒன்று கூடுதல் ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்த்தால்தான் அகப்படும். பூஜ்யத்தையும் குறை எண்ணையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டு விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், சில இயங்குதளங்கள் 1024ஆக எண்ணுகின்றன. 500 ஜிபி என்று வாங்கிய வட்டு கணினியில் 465 என்று தெரிவது இதனால்தான். உங்கள் செயற்கூறு இரண்டில் எதைப் பின்பற்றுகிறது என்பதை அதன் முதல் வரிக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

சோதனைக்கென்று பெரிய கட்டமைப்பு ஒன்றும் வேண்டாம். கோப்பின் அடியில், "இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வர வேண்டும், வராவிட்டால் நில்" என்று அசர்ட் கூற்றுகளை ஐந்தாறு வரி எழுதினால் போதும். பிழை ஒன்று அகப்படும்போதெல்லாம், அதைத் திருத்தும் முன் அந்த உள்ளீட்டை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

உரையைத் தொடும் செயற்கூறுகள்

அன்றாட ஸ்கிரிப்டுகளில் பாதிக்கு மேல் உரையைப் படித்து, வெட்டி, ஒப்பிடும் வேலைதான். இங்கே பொறி அதிகம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வரிசைப்படுத்தலில் தொடங்கலாம். "பாடம்1, பாடம்2, பாடம்10" என்ற மூன்று பெயர்களைக் கணினியின் இயல்பான வரிசையில் அடுக்கினால் 1, 10, 2 என்று வரும். ஏனெனில் அது எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. இதற்கு ஒரு சிறு செயற்கூறு எழுதி வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் உதவும்: பெயரை இலக்கத் துண்டுகளாகவும் எழுத்துத் துண்டுகளாகவும் வெட்டி, இலக்கத் துண்டுகளை மட்டும் எண்ணாக மாற்றி, கிடைக்கும் பட்டியலை வரிசைப்படுத்தும் திறவுகோலாகக் கொடுக்க வேண்டும். ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு பெயர் இலக்கத்திலும் மற்றொன்று எழுத்திலும் தொடங்கினால், எண்ணையும் சரத்தையும் (எழுத்துத் தொடரையும்) ஒப்பிட முடியாது என்று பைத்தான் பிழை காட்டும். இலக்கத்தில் தொடங்கும் பெயருக்கு முன்னால் ஒரு வெற்றுச் சரம் இருக்கும்படி வெட்டினால், எல்லாப் பட்டியல்களிலும் முதலிடம் எழுத்து, இரண்டாமிடம் எண் என்று சீராகிவிடும். உரை வடிவங்களைத் தேடும் பைத்தானின் சீர்கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) நிரலகத்தில் இலக்கங்களை அடைப்புக்குள் பிடித்து வெட்டினால், அது தானாகவே இப்படித்தான் தருகிறது.

அடுத்தது நீளம். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 5 என்று சொல்லும். கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக யூனிகோட் அதைச் சேமித்திருக்கிறது. யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட் ஆகிறது. தலைப்பு நீளமாக இருந்தால் முதல் நாற்பது எழுத்தில் வெட்டு என்று எழுதிய செயற்கூறு, ஒரு சொல்லின் புள்ளியை மட்டும் நறுக்கிவிட்டுத் "தமிழ" என்று காட்டுவது இதனால்தான். வெட்டும் இடத்துக்கு அடுத்த குறியீடு முன்னெழுத்தோடு சேரும் ஒட்டுக்குறியா என்று யூனிகோட் வகைப்பாட்டைக் கேட்டுப் பார்த்து, ஆம் என்றால் அதையும் சேர்த்துக்கொண்டு வெட்ட வேண்டும்.

இதைவிடக் குழப்பமானது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறாக இருப்பது. "கொடி" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டு இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. பழைய மேக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்ததால், அங்கிருந்து நகலெடுத்த கோப்புகளில் இது அடிக்கடி தலைகாட்டும். உரையை உள்ளே வாங்கும் இடத்திலேயே ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் என்ற படியைச் செய்துவிட்டால் இது தீரும். ஆனால் ஔகாரக் குறியின் இடத்தில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் கைகொடுக்காது; அது குறியீட்டுச் சிக்கலன்று, எழுத்துப்பிழை.

எனவே நான் எப்போதும் கையில் வைத்திருக்கும் செயற்கூறு "உரையைத் துப்புரவாக்கு" என்பதுதான். முனைகளில் உள்ள வெற்றிடத்தை நீக்கும், நடுவில் இரண்டு மூன்றாக வரும் வெற்றிடங்களை ஒன்றாக்கும், விண்டோஸ் வரிமுடிவுகளைச் சாதாரண வரிமுடிவாக்கும், இயல்பாக்கம் செய்யும். விரிதாளிலிருந்து வரும், காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்புகளின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி என்ற கண்ணுக்குத் தெரியாத 3 பைட் ஒட்டியிருக்கலாம். அது இருந்தால் முதல் நெடுவரிசையின் பெயர் "பெயர்" என்று திரையில் சரியாகத் தெரிந்தும், நிரலில் அந்தப் பெயரால் கேட்டால் இல்லை என்று சொல்லும். இதைத் தேடி நான் ஒரு முழு மாலையைக் கழித்திருக்கிறேன். பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கமாக யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் அந்தக் குறி தானாக நீங்கிவிடும். சிஎஸ்வி வரிகளைக் காற்புள்ளியில் நீங்களே வெட்டாதீர்கள். மேற்கோளுக்குள் காற்புள்ளி வரும் நாளில் நெடுவரிசைகள் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். அதற்கென்று மொழியோடு வரும் நிரலகத்தைப் பயன்படுத்துங்கள்.

கட்டளை வரியில் நடந்துகொள்ளும் விதம்

கட்டளை வரிக் கருவிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவது யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் குழாய் 1973இல் அங்கே வந்தது. உங்கள் ஸ்கிரிப்டும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டுமானால் சில மரியாதைகள் உண்டு. விடையை இயல்பு வெளியீட்டிலும் (ஸ்டாண்டர்ட் அவுட்புட்), எச்சரிக்கையையும் முன்னேற்றச் செய்தியையும் பிழை வெளியீட்டிலும் (ஸ்டாண்டர்ட் எர்ரர்) எழுத வேண்டும். இல்லையேல் "120 கோப்புகள் படிக்கப்பட்டன" என்ற செய்தி அடுத்த நிரலுக்குள் தரவாகப் போய்விழும். வேலை நல்லபடியாக முடிந்தால் வெளியேறும் எண் பூஜ்யமாகவும், முடியாவிட்டால் வேறெண்ணாகவும் இருக்க வேண்டும். பைத்தானின் ஆர்க்பார்ஸ் நிரலகத்தைப் பயன்படுத்தினால் உதவிச் செய்தி இலவசமாகக் கிடைக்கும். தவறாக அழைத்தால் 2 என்ற எண்ணோடு வெளியேறவும் செய்யும்.

ஷெல்லில் எழுதுவோருக்கு இரண்டு எச்சரிக்கை. மாறியை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். இல்லாவிட்டால் "என் படம்" என்ற கோப்புப் பெயரை ஷெல் "என்", "படம்" என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். இரண்டாவது, வெறுமையான மாறி. ஒரு கோப்புறையின் பாதையை மாறியில் வைத்து, அதன்பின் ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்து அழிக்கச் சொல்லும் வரி, அந்த மாறி எக்காரணத்தாலோ வெறுமையாக இருந்தால் வட்டின் வேரிலிருந்து அழிக்கச் சொல்லும் வரியாகிவிடும். 2015இல் பரவலாகப் பயன்பட்ட விளையாட்டுச் செயலி ஒன்றின் லினக்ஸ் பதிப்பில் இதே வரி இருந்து, பயனர்கள் சிலருடைய சொந்தக் கோப்புகளைத் துடைத்துவிட்டது. ஸ்கிரிப்டின் தலையிலேயே, மதிப்பிடப்படாத மாறி வந்தால் நிற்கச் சொல்லும் "செட் -யு" வரியை இடுங்கள். மாறிக்கு மதிப்பு இடப்பட்டும் அது வெற்றுச் சரமாக இருந்தால் இந்த வரி கண்டுகொள்ளாது என்பதால், அழிக்கும் கட்டளைக்கு முன் வெறுமைதானா என்று தனியே கேட்டுவிடுங்கள். ஷெல்செக் என்ற இலவசக் கருவியிடம் ஸ்கிரிப்டைக் காட்டினால் இவ்விரண்டு இடங்களையும் சுட்டிக்காட்டும்.

ஏற்கெனவே உள்ள கோப்பைத் திருத்தி எழுதும் ஸ்கிரிப்ட் என்றால், மூலக் கோப்பை நேராகத் திறந்து எழுதாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும். அதே கோப்புறையில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, மூடி, பின்பு மூலப் பெயருக்கு மாற்றுங்கள். பெயர்மாற்றம் ஒரே வட்டுப் பிரிவுக்குள் நடந்தால் ஒரே அடியில் முடிந்துவிடும். படிப்பவர்கள் பழையதையோ புதியதையோ பார்ப்பார்கள், இரண்டுங்கெட்டானைப் பார்க்க மாட்டார்கள். "அதே கோப்புறையில்" என்று சொன்னது இதற்காகத்தான்.

நேரம் வைத்துத் தானாக ஓடவிடுதல்

கையால் ஓட்டும்போது ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் என்ற நிரலில் இட்டவுடன் ஓடாமல் போவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நேரும். உங்கள் முனையத்தில் இருக்கும் சூழல் மாறிகள் கிரானுக்குத் தெரியாது. கட்டளைகளைத் தேடும் பாதைப் பட்டியல் அங்கே மிகச் சிறியது. எனவே பைத்தானுக்கும், ஸ்கிரிப்டுக்கும், கோப்புறைகளுக்கும் முழுப் பாதையை எழுதுங்கள். கிரான் வரியில் விழுக்காட்டுக் குறி வந்தால் அது வரிமுடிவாகக் கொள்ளப்படும் என்பது பலருக்குத் தெரியாது. தேதி வடிவத்தை அங்கேயே எழுதினால் ஒவ்வொரு விழுக்காட்டுக் குறிக்கு முன்னும் பின்சாய்கோடு இட வேண்டும். தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வெளியீட்டையும் பிழையையும் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் தோற்றது எப்போது என்றே தெரியாது.

எங்கே வைப்பது, எப்போது கடன் வாங்குவது

எழுதிய ஸ்கிரிப்டுகளை எல்லாம் ஒரே கோப்புறையில் போட்டு, அந்தக் கோப்புறையைத் தேடும் பாதைப் பட்டியலில் சேர்த்து, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியில் பதிவு செய்து வையுங்கள். பெயர் வினையாக இருக்கட்டும்: "படப்பெயர்மாற்று" என்றால் ஓராண்டு கழித்தும் புரியும், "புதியது2" என்றால் அடுத்த வாரமே புரியாது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்கிறது, எப்படி அழைப்பது, எதைத் தொடும். மூன்றாவதுதான் பலர் எழுதாமல் விடுவது. ஓட்டத் துணிவதற்கு முன் நாம் தேடுவதும் அதையே.

பொதுச் செயற்கூறுகளுக்கென்று ஒரு கோப்பை முதல் நாளே திறந்துவிடாதீர்கள். ஒரே செயற்கூறை மூன்றாவது ஸ்கிரிப்டுக்கும் நகலெடுக்கும்போது பொதுக் கோப்புக்கு மாற்றினால் போதும். அதற்கு முன் மாற்றினால், யாருக்கும் தேவைப்படாத விருப்பத் தெரிவுகளால் அது வீங்கிவிடும். மாற்றிய பிறகோ, அதைத் திருத்தும்போதெல்லாம் அதை நம்பியிருக்கும் எல்லா ஸ்கிரிப்டுகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிறர் எழுதியதைக் கடன் வாங்குவதிலும் இதே நிறுவை உண்டு. 2016 மார்ச்சில், ஒரு சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பித் தரும் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலகத்தை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்களைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அதை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ நம்பியிருந்த எண்ணற்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்கள் அன்று கட்டமைய மறுத்தன. பதினொரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அதற்குத்தான் மேலே சொன்னவை எல்லாம். எக்ஸிஃப் தகவலைப் படிப்பது, நேர மண்டலங்களைக் கணக்கிடுவது, சிஎஸ்வியைப் பிரிப்பது, கடவுச்சொல்லைக் காப்பது ஆகியவற்றை எழுத உட்காராதீர்கள். அவற்றின் விளிம்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கவே பிறர் பல ஆண்டுகள் செலவிட்டிருக்கிறார்கள்.

படப்பெயர் ஸ்கிரிப்டை எழுதி முடித்ததும் முதல் ஓட்டத்துக்கு உண்மையான கோப்புறையைக் கொடுக்காதீர்கள். அதிலிருந்து இருபது படங்களை வேறிடத்துக்கு நகலெடுத்து, அவற்றுள் தொடர்ச்சியாக எடுத்த படங்கள் சிலவும், எக்ஸிஃப் இல்லாத ஒன்றும், பெயரில் வெற்றிடம் உள்ள ஒன்றும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அங்கே ஓட்டுங்கள். ஓட்டும் முன் எத்தனை, ஓட்டிய பின் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் உண்மையான கோப்புறைக்குப் போகலாம்.